இடப்பக்கத்துச் சைக்கிள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறேன். மயிலம் தாண்டி ஒரு ரயில்வே கேட் மூடியிருக்கிறது. என் இடப்பக்கம் ஒரு பெண் வந்து சைக்கிளை நிறுத்துகிறார். மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போகிறவர், தலையில் துண்டு. முன்கூடையில் ஒரு எவர்சில்வர் சொம்பு, அதற்குள் செல்போன் பாடுகிறது. சொம்புக்குள் போட்டால் சத்தம் நன்றாகக் கேட்கும்.

என் இடது காதில் மட்டும் இயர்போன் இருப்பதைப் பார்க்கிறார்.

"இன்னொன்னு தொலைஞ்சி போச்சாண்ணா?"

"பாக்கெட்ல இருக்கும்மா. காலேஜுக்குப் போறப்ப நானும் என் கூட்டாளியும் ஒரே வாக்மேன்ல கேட்டுக்கினு போவோம். இடது காது எனக்கு, வலது அவனுக்கு. ஒயர் அறுந்துடக் கூடாதுன்னு அவன் சைக்கிள் என் இடப்பக்கம் ஒட்டியே போவும். பேட்டரி தீர்ந்து பாட்டு இழுத்தாலும் அவன் கழட்ட மாட்டான். அந்தப் பழக்கம்."

"அவுரு இப்போ எங்க கீறாரு?"

"விழுப்புரத்துல இருந்தான். நாளைக்குக் கருமாதி. அதுக்குத்தான் போறேன்."

அவர் கை சொம்புக்குள் போகிறது. பாட்டு நிற்கிறது. இழவு என்று காதில் விழுந்தால் இந்தப் பக்கம் முதலில் பாட்டைத்தான் நிறுத்துவார்கள்.

"பாடட்டும்மா," என்கிறேன். சொம்பு மறுபடி பாடுகிறது.

ரயில் போய், கேட் திறக்கிறது. சாலையெல்லாம் பள்ளம். ஆனாலும் அவர் முந்தவில்லை, பிந்தவும் இல்லை. ஒரு ஒயர் நீளத்தில் என் இடப்பக்கமே வருகிறார். இடது காதில் இருப்பதைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன்.