நெல்லறையில் வைத்த யன்னல்

பிள்ளைகளே, உங்கள் மச்சானை ஊரில் ‘நெல்லறை மாப்பிள்ளை’ என்று கூப்பிடும்போது நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். அந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியாது; அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள்.

நம் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவார். வந்து அந்த வீட்டிலேயே இருப்பார். உங்கள் உம்மாவுக்கு வந்த பழைய சுண்ணாம்பு வீட்டை உங்கள் மூத்தவள் ராத்தாவுக்கு என்று பேசி முடித்திருந்தோம். பெரும்போக நெல் வெட்டு முடிந்ததும் நிக்காஹ். அதற்குள் சூறாவளி வந்து கூரையை அள்ளிக்கொண்டு போனது. வயலும் படுத்துவிட்டது. எப்படியோ ஓடு போட்டேன். சுவர்கள்தான் காயவில்லை. தட்டினால் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டும்.

மாப்பிள்ளையின் உம்மா சாய்ந்தமருதுவிலிருந்து வந்தார். முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிட்டார்.

“காக்கா, இந்த ஈரத்துக்குள்ள எம்புள்ளய விட ஏலா. இழுப்பு வந்தா ஆரு பாக்கிற? வீட்டச் சரிக்கட்டுங்க. இல்லாட்டி எங்களுக்கு வேற இடமும் வந்திரிக்கு.”

அன்று உங்கள் உம்மா அடுப்பு மூட்டவில்லை. சீமெந்து பூசி வெள்ளை அடித்தால் உடனே புது வீடு என்றார் மேசன். அதற்கு ஆயத்தமாகும்போதுதான், பழைய பள்ளிவாசலைத் திருத்தக் கொழும்பிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்திருப்பது தெரிந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அவர் நாடா எடுத்து அளக்கவில்லை. யார் எங்கே படுப்பது, மழை எந்தப் பக்கம் அடிக்கும், வெக்கைக்கு எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டபடியே ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்தார்.

“நானா,” என்றார், அவரும் என்னை அண்ணனாக்கி. “சீமெந்து பூசினா ஈரம் உள்ளுக்கே நிண்டு சுவர் பொருமி விழும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான். ஒரு வெயில் காலம் முழுக்கக் காய விடுங்க.”

“அதுக்குள்ள கலியாணம் போயிரும் சேர்!” மறுபடி அவர் கையைப் பிடித்தேன். “சுவரப் பாக்கிறீங்க, எம்புள்ளட முகத்தையும் பாருங்களே.”

அவர் பின்பக்கம் போனார். நெல்லறைச் சுவரில் வைத்த கையை எடுக்கவில்லை. பலகை மச்சு இருந்தது அந்த அறைக்கு மட்டும்தான். அதுதான் மழையைத் தடுத்திருந்தது.

“இது காஞ்சிரிக்கி. ஒரு யன்னல் வெச்சு, இதை மாப்பிள்ளை அறையாக்குங்க. நல்லா இருக்கிறதத் தொடாதீங்க, கெட்டதை மட்டும் மாத்துங்க.”

“நெல்லறையிலயா? சனம் காறித் துப்பும்!” என்று உங்கள் உம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு வேறு வழி இல்லை. நெல் இல்லாமல் கிடந்த அறைதானே. கடல் பக்கம் யன்னல் வைத்து, மெல்லிசாகச் சுண்ணாம்பு பூசினோம்.

மாப்பிள்ளையின் உம்மா மறுபடி வந்தார். “என்ன காக்கா, நெல்லறைக்குள்ள கிடக்க எம்புள்ள எலியா?”

கதவுக்குப் பின்னால் இருந்து ராத்தாதான் சொன்னாள்: “சுவரத் தொட்டுப் பாருங்க மாமி.”

அவர் தொட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். யன்னலடியில் காற்றில் நின்றார்.

“ரெண்டு பாய் விரிக்கத்தானே இடமிரிக்கி.”

“ரெண்டு பேர்தானே மச்சி,” என்றாள் உங்கள் உம்மா, அழுகையோடு. அவர் சிரித்துவிட்டார்.

கலியாணம் நின்றுபோகவில்லை. ஆனால் அந்த வீட்டில் காய்ந்த அறை அது ஒன்றுதான். மற்ற எல்லாரும் நடு ஹோலில் படுத்தோம். காலையில் உங்கள் முகமெல்லாம் சுண்ணாம்புத் தூளாக இருக்கும். வெயில் காலம் முழுக்க நீங்கள் இருமினீர்கள். ஒவ்வொரு இருமலுக்கும் நான் எழும்பிச் சுவரில் கையை வைத்துப் பார்ப்பேன். ஈரமாகவே இருக்கும்.