எண்ணிக்கையில் ஒருத்தியாக மெல்பேர்ன் போய் வந்தேன்

மெல்பேர்னில் நான் சண்டை பிடித்துக் கூட்டத்தைக் குழப்பியதாக சிட்னியில், எங்கள் வென்ட்வேர்த்வில் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நான் குரலை உயர்த்தவில்லை. கேள்வி கேட்டேன், பதில் வராததால் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அதே பயணத்துக்கு ஆயத்தமாகும் நம் சங்கச் செய்தி மடல் வாசகர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சிட்னி, மெல்பேர்ன் தமிழ்ச் சங்கங்களை இணைப்பது பற்றி 1975 செப்டம்பரில் அங்கே கூட்டம் நடந்தது. நம் செயலாளர் நடராசா என்னையும் அழைத்தார். நான் மகனோடு வந்து குடியிருக்கும் மூன்று ஆண்டுகளில் எங்கள் கதவைத் தட்டாதவர், அன்று மாம்பழ டின்னோடு வந்து நின்றார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ரயில் ஏறினால் இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் மெல்பேர்னில் இறங்கலாம். ஏறத்தாழ 960 கிலோமீட்டர். தேநீர் இருபது சென்ட். நிறம் மட்டும் உண்டு. கூல்பர்ன் தாண்டினால் குளிரும், சால்வையைப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். நடராசா என் பெட்டியைத் தூக்கினார், சன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தார், இரண்டு முறை தேநீர் வாங்கித் தந்தார். இவ்வளவு மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ரயில் மேடையில் காத்திருந்த மெல்பேர்ன் சங்கத் தலைவர் ஒரு வாயாடி. "என்ன நடராசா, தலை எண்ணக் கிழவியளையும் ரயிலில ஏத்திக்கொண்டு வந்திட்டீரோ?"

"சும்மா இரும் காணும்" என்றார் நடராசா, என் பக்கம் திரும்பாமல். கிழவி என்றதை விட்டுவிட்டேன். தலை எண்ண என்றதை விடவில்லை.

மறுநாள் ஸ்பிரிங் வீதியிலுள்ள நாடாளுமன்றக் கட்டடம். டிராமில் போகலாம், வாசலில் படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று ஏறவும். இந்நாட்டின் மாநிலங்கள் ஒன்றாக இணைந்தபின், கான்பராவுக்குப் போகும்வரை நாடாளுமன்றம் கூடியது இங்கேதான். முதல் சபைக்கு யார் யாரை எண்ணி இடம் பிரித்தார்கள் என்று வழிகாட்டியைக் கேட்டேன். நேர்மையான மனிதர். ஆதிக்குடிகளை மக்கள் கணக்கில் சேர்க்கக் கூடாதென்று அரசியல் சட்டத்திலேயே இருந்தது, அதை நீக்கிப் பத்தாண்டுகூட ஆகவில்லை என்றார். குவீன்ஸ்லாந்தில் கரும்பு வெட்டிய பசிபிக் தீவு மக்கள் என்ன ஆனார்கள் என்றேன். ஏமாற்றியும் கடத்தியும் பலரைக் கப்பலேற்றி வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது அந்தச் சபையின் ஆரம்பச் சட்டங்களில் ஒன்று என்றார்.

"அன்ரி, நேரம் போகுது" என்றார் நடராசா.

"போகட்டும் தம்பி. நான் இன்னும் போகல."

நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கொன்வென்டில் படித்தவள். தந்தை தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்த எங்கள் தோட்டத்தாரை அடிமை என்று யாரும் எழுதவில்லை. துரையின் துண்டுச்சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது, அவ்வளவுதான். சுதந்திர இலங்கையின் முதல் அரசு எங்கள் குடியுரிமையைப் பறித்தது, வாக்கும் போயிற்று. ஆனால் தொகுதி பிரிக்கும்போது எங்களை எண்ணத் தவறவில்லை. எங்கள் தலைகளால் மலைநாட்டுக்கு இடம் கூடியது. வாக்குப் போட்டவர்கள் வேறு ஆட்கள்.

மாலையில் சங்கக் கூட்டத்தில் இணைப்பு விதியை வாசித்தார்கள். இருபத்தைந்து பேருக்குக் குழுவில் ஓர் இடம். வீட்டுக்கு ஒரு வாக்கு. நான் எழுந்தேன்.

"தம்பி, அந்த இருபத்தைந்துல நான் இருக்கேனா?"

"ஓம் அன்ரி!" என்றார் நடராசா. "உங்களை மாதிரி ஆக்களைச் சேர்த்துத்தான் சிட்னிக்கு நாலாவது இடமே கிடைச்சது."

"என் வாக்கு?"

"அதை மகன் போடுவார்தானே."

"என்னைக் கேட்டுத்தான் போடணும்னு விதியில இருக்கா?"

"இதுக்குத்தான் சொன்னனான்…" என்றார் மெல்பேர்ன் தலைவர். சிரித்தார்கள். நடராசா பக்கத்தைப் புரட்டி அடுத்த விதியை வாசித்தார்.

கரும்பு வெட்டியவர்களின் துன்பத்தோடு என் குறையை நான் ஒப்பிடவில்லை. அளவு எனக்குத் தெரியும். ஆனால் யாரை எண்ணுவது, யாரைக் கேட்பது என்பது முதல் நாளே முடிவாகிவிடுகிறது. அதைத் திருத்த ஆயுள் போதாது.

போகிறவர்கள் திரும்பும் இருக்கையையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். தேநீர் யாராவது வாங்கித் தந்தால் காரணம் கேளுங்கள்.

செயலாளர் அவர்களுக்கு: விதி அடுத்த மாதம் நிறைவேறப் போகிறது. எனக்கு ஒரு வாக்குத் தாருங்கள், அல்லது நாலாவது இடம் போனாலும் சரி, என்னை எண்ணாதீர்கள். மகனிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். இரண்டில் எது என்று என் பெயருக்கு எழுத்தில் பதில் தரவும்.