காங்கேசன்துறையின் மறுபக்கம்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலுக்குக் கிட்ட உள்ள வாசிகசாலை மண்டபத்தில் என் நீர்வர்ணப் படங்களைக் காட்சிக்கு வைக்க இடம் தந்தார்கள். ஜேர்மன்காரனோடு யுத்தம் தொடங்கி இரண்டாவது ஆவணி அது. சிறிய படங்கள் என்னிடம் தாராளமாக இருந்தன. ஆனால் வாசலால் நுழைகிறவர் கண்ணில் உடனே படும்படி, கடலைக் காட்டும் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று வாசிகசாலைக்காரர் ஒற்றைக் காலில் நின்றார்கள். பெரிய படத்துக்குப் பெரிய கடதாசி வேண்டும். அது சீமையிலிருந்து கப்பலில் வருவது. கப்பல்களோ இப்போது வேறு அலுவலாக ஓடுகின்றன. யாழ்ப்பாணத்தில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் இரண்டு கையையும் விரித்துவிட்டார்.

நான் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திர வாத்தியார். கடதாசிப் பிரச்சினையைத் தீர்த்தவள் என் மனைவி கமலம். அலுமாரிக்கு மேலே கிடந்த ஒரு பழைய பெரிய படத்தை இறக்கிக் கொண்டுவந்து தூசி தட்டினாள். நாலு வருடத்துக்கு முன் கரையூரில், இப்போது குருநகர் என்கிறார்களே அங்கே, கடற்கரையில் இருந்து கீறியது. ஆறு பேர் ஒரு வள்ளத்தைக் கடலுக்குத் தள்ளுகிறார்கள். ஆளுக்கு ஒரு சாண் உயரம் இருக்கும். ஆறு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு முகம் கீற வராது. அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

"உங்கடை படத்திலை நிக்கிற ஆக்கள் ஒருத்தரும் உங்களோடை கதைக்கிறேல்லைப் போல," என்றாள் கமலம். "எல்லாரும் அங்காலை திரும்பிக்கொண்டு நிக்கினம். உந்த ஆளின்ரை ஒரு தோள் வேறை இறங்கிப் போச்சுது. உதை ஆரும் வாங்கப் போறேல்லை. பின்பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு?"

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கடதாசி நல்ல தடிப்பு. கரையூரைக் கவிழ்த்துப் போட்டு அதன் பின்பக்கத்தில் காங்கேசன்துறையைக் கீறுவது என்று முடிவாயிற்று.

வட்டுக்கோட்டையிலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய பத்து மைல். பெற்றோல் பங்கீடு வந்ததிலிருந்து வாடகைக் கார் குதிரைக் கொம்பு. பக்கத்து வளவுச் செல்லையா அண்ணையின் மாட்டு வண்டியை ஒன்றரை ரூபாவுக்குப் பேசிக்கொண்டு விடியற்காலையிலேயே புறப்பட்டோம். சித்தன்கேணி, பண்டத்தரிப்பு, இளவாலை, பிறகு கீரிமலை என்று பாதை போகிறது. வழியெல்லாம் தோட்டக் கிணறுகளில் துலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வழியால் போகிறவர்கள் கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்குப் போடாமல் போகாதீர்கள். நாங்கள் போட்டோம். மாடுகளுக்கும் ஆறுதல்.

துறைமுகத்தில் முதலில் எங்களைப் பிடித்தவர் பொலிஸ்காரர். யுத்த காலத்தில் வெளிச்சவீட்டையும் கப்பலையும் ஒருவன் குந்தியிருந்து கீறினால் அவர் வேறு என்ன செய்வார்? நான் பள்ளிக்கூடம், பாடம், கண்காட்சி என்று நீட்டி முழக்கினேன். அவர் அசையவில்லை. செல்லையா அண்ணை இடையில் புகுந்தார்.

"ஐயா, உவர் கீறினதைப் பாத்து ஒருத்தனும் வழி கண்டுபிடிக்க மாட்டான். எங்கடை வீட்டைக் கீறித் தந்தவர். எனக்கே என்ரை வீடு தெரியேல்லை."

பொலிஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அண்ணைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நீங்களும் போவதானால் தலைமை ஆசிரியரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

அடுத்த தொல்லை தண்ணீர். துறைமுகத்துக் கிணறு உவர். அதில் நீலத்தைக் கரைத்து ஒரு துண்டில் பூசிப் பார்த்தேன். காய்ந்ததும் வானமெல்லாம் வெள்ளைப் புள்ளி பூத்துவிட்டது. நல்ல காலமாகச் செல்லையா அண்ணை குடிக்கவென்று ஊர்த் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்திருந்தார். அதில் பாதி படத்துக்குப் போயிற்று. அவர் திரும்பும் வழி முழுவதும் தாகத்தைப் பற்றியே மாடுகளோடு கதைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நீர்வர்ணம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்று சொல்லவேண்டும். வழக்கமாகக் கடதாசியை நன்றாக நனைத்துப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். இந்தமுறை அது முடியாது. நனைத்தால் கீழே கவிழ்ந்து கிடக்கிற ஆறு பேரும் கரைந்துபோவார்கள். வேண்டாத படம் என்று எடுத்துவந்தவனுக்கு அவர்களைக் கரைக்க ஏனோ மனம் வரவில்லை. கடதாசிக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்து, நாலு மூலைக்கும் ஊசி குத்தி, தூரிகையில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு கீறினேன். வெளிச்சவீடு, பாய் இறக்கிய இரண்டு தோணிகள், வெயிலில் வெளுத்த கடல். உள்ளதைச் சொன்னால், அதுவரை நான் கீறியவற்றில் அதுதான் திறம்.

அண்ணையை வண்டியோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, பின்னேர ரெயிலில் மூன்றாம் வகுப்பில் யாழ்ப்பாணம் வந்தேன். பன்னிரண்டு மைல், படப் பலகையை மடியில் வைத்திருக்க ஜன்னலோரம் பிடியுங்கள். ஸ்டேசனிலிருந்து நல்லூருக்கு ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி கிடைக்கும். திருவிழாக் காலத்தில் வண்டிக்காரர் கேட்பதுதான் கூலி.

கண்ணாடியும் தட்டுப்பாடுதான். பெரிய படத்துக்கு மட்டும் முன்பக்கம் கண்ணாடி போட்டு, பின்பக்கத்தை மெல்லிய பலகையால் மூடி ஆணி அடித்தேன். மற்றப் படங்களை வெறுமனே தொங்கவிட்டதால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் நாளே ஒரு பெரியவர் தேர்ப் படத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டு, சந்தனம் தொட்ட விரலைச் சுவாமியின் நெற்றிக்குக் கொண்டுபோனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். "ஏன் தம்பி, சுவாமிக்குச் சந்தனம் ஆகாதோ?" என்று அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே பெரிய படம் விலைப்பட்டது. வாங்கியவர் வண்ணார்பண்ணையில் இருக்கும் ஒரு பிறக்கிராசியார். கோர்ட்டில் காணி வழக்குப் பேசிப் பெயர் எடுத்தவர். பிறந்தது காங்கேசன்துறை. படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "விறாந்தையிலை போடப் போறன்," என்று சொல்லிக் கையோடு காசைத் தந்தார். கண்காட்சி முடிந்ததும் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. விற்றாயிற்று என்பதற்கு அடையாளமாகச் சட்டத்தின் மூலையில் சிவப்புத் துண்டு ஒட்டினேன். அந்தச் சிவப்புத் துண்டைப் பார்ப்பதற்காகவே நான் இருபது வருடம் படம் கீறியிருக்கிறேன் என்று தோன்றியது. அவ்வளவு சந்தோசம்.

மூன்றாம் நாள் மத்தியானம், சனம் குறைந்த நேரம், ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவை. உள்ளே வரச் சொன்னேன். படங்களை ஒவ்வொன்றாக வேகமாகப் பார்த்துக்கொண்டு போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"வாத்தியார், எங்கடை கரையிலை இருந்து நீங்கள் ஒரு படம் கீறினீங்கள். வள்ளம் தள்ளுற படம். அது இஞ்சை இல்லையோ?"

"ஆர் பிள்ளை நீ?"

"என்ரை பேர் திரேசா. குருநகர். அந்த வள்ளத்தைத் தள்ளினதிலை ஒராள் என்ரை மனிசன் சூசை. வாத்தியார் என்னைக் கீறிக்கொண்டு போறார் எண்டு அண்டைக்கு வீட்டை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர்." கொஞ்சம் நிறுத்தினாள். "போன வருசம் வாடைக்காத்திலை வள்ளம் கரைக்கு வந்தது. ஆள் வரேல்லை. போட்டோ ஒண்டும் எடுக்கேல்லை ஐயா. சவக்காலையிலை ஒரு குழிகூட இல்லை. நான் மீன் விக்கிறனான். நல்லூர் கொடி ஏறினால் ஊரெல்லாம் சைவம், மீன் வாங்க ஆளில்லைத்தானே, அதுதான் உங்கடை படங்கள் இஞ்சை இருக்கெண்டு கேள்விப்பட்டு இண்டைக்கு வந்தனான். ஒருக்கால் முகத்தைப் பாத்திட்டுப் போவம் எண்டு."

படம் இருக்கிறது. ஆனால் விற்ற படத்தின் பின்னால், பலகைக்குள் இருக்கிறது. அதைவிட மோசம், அதில் முகம் இல்லை. இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவள் நின்ற நிலையைப் பார்க்க அது முடியவில்லை.

"படம் இருக்கு, பிள்ளை. ஆனால் அதிலை முகம் இல்லை. எல்லாரும் முதுகு."

"காட்டுங்கோ."

படத்தை இறக்கி, மேசையில் துணி விரித்துக் குப்புறப் போட்டு, ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுத்தேன். நாலு வருடமாக நானே சரியாகப் பார்க்காத கரையூர் வெளியே வந்தது. அவள் தேடவேயில்லை. இடப்பக்கம் இரண்டாவது ஆளுக்கு நேரே குனிந்தாள். தோள் இறங்கினவன். கமலம் பழித்த அதே தோள்.

"மரம் விழுந்து முறிஞ்ச தோள்," என்றாள். "இவர்தான்."

"முகத்தைக் கீறாமல் விட்டிட்டன், பிள்ளை."

"அதுக்கென்ன ஐயா. கடலுக்குப் போற மனிசரை நாங்கள் முதுகிலைதானே பாத்துக்கொண்டு நிக்கிறது. கடைசியாயும் நான் கண்டது இதைத்தான்."

விரலால் அந்த முதுகைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தமிட்டாள். மாதாகோயிலில் மாதாவின் சுரூபத்தைத் தொட்டு முத்தமிடுகிற மாதிரி. மத்தியான வெயிலில் நடந்து வந்த வேர்வைக் கை. சூசையின் முதுகில் மண்ணிறம் கொஞ்சம் கலங்கியது. பெரியவரின் கையைப் பாய்ந்து பிடித்த நான், அவளுடைய கையைப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிறக்கிராசியார் வந்தார். கோர்ட்டு நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுவதற்கு முன் தன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தவர், சுவரில் அதைக் காணவில்லை.

"என்ன வாத்தியார், என்ரை துறைமுகத்தைக் குப்புறப் போட்டிருக்கிறீர்?"

நடந்ததைச் சொன்னேன். அவருடைய காசைத் திருப்பித் தந்துவிடுகிறேன், படத்தை இந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள் என்றும் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"வாங்கினது வாங்கினதுதான். அது நான் பிறந்த ஊர், காணும்."

"மூடுங்கோ வாத்தியார்," என்றாள் திரேசா. "நான் பாத்திட்டன். எங்கடை வீட்டுக் கூரை ஒழுகுது. அங்கை கொண்டு போனால் இவர் இன்னொருக்காலும் தண்ணியிலைதான் போவார்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறக்கிராசியார் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தார்.

"ஆர் உன்ரை ஆள்?"

காட்டினாள். பார்த்தார்.

"எங்கை மீன் விக்கிறனீ?"

"வண்ணார்பண்ணைப் பக்கந்தான் ஐயா. உங்கடை தெருவாலையும் போறனான்."

"எங்கடை வீடு சைவம். மீன் வாங்கிறேல்லை."

"தெரியும் ஐயா. உங்கடை வாசல் படலையடியிலை நான் கூவிறேல்லை. வாயை மூடிக்கொண்டுதான் போறனான்."

திரேசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு, "பின்பக்கமும் கண்ணாடி போட்டுத் தாரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவரும் போனார். கண்ணாடிக்கு நான் எங்கே போவேன்? கமலம் பீங்கான் கோப்பை அடுக்கும் அலுமாரியின் கதவுக் கண்ணாடியைக் கழற்றினேன். அதற்கு அவள் பேசிய பேச்சை இங்கே எழுத இடமில்லை. விஷயத்தைச் சொன்ன பிறகு அவளே கண்ணாடியைத் துடைத்துத் தந்தாள்.

இதே வழியால் போய்க் கீற நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ஊர்த் தண்ணீர் இரண்டு குடம் கொண்டுபோங்கள், ஒன்று வண்டிக்காரருக்கு. கடதாசியின் இரண்டு பக்கத்தையும் பாவியுங்கள், ஆனால் பழைய பக்கத்தைக் கழுவிவிடாதீர்கள். காட்சிக்கு வைக்கும் படத்துக்குக் கண்ணாடி போடுங்கள். நம்முடைய ஆட்கள் படத்தைக் கண்ணால் மட்டும் பார்க்கிறவர்கள் அல்ல. முகம் கீற வராதவர்கள் அதை நினைத்து வருந்தவேண்டாம். நான் இப்போது வருந்துவதில்லை.

காங்கேசன்துறைப் படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பிறக்கிராசியார் வீட்டுக்குத் தாராளமாகப் போகலாம். விறாந்தைக் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நான் கார்த்திகையில் ஒரு நாள் காலை போயிருந்தேன். வழக்குக் கட்சிக்காரர் இரண்டு பேர் எல்லை வேலி விஷயமாக அவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் "மீனோ… மீன்!" என்று ஒரு குரல் கேட்டது. நாலு வீடு தள்ளிக் கேட்டது, பிறகு படலைக்கு நேரே வந்து நின்று இன்னும் பலமாகக் கேட்டது. அந்தத் தெருவில் மீன் வாசம் படாத வீடு அது ஒன்றுதான். பிறக்கிராசியார் கதையைப் பாதியில் விட்டு எழுந்தார். படத்தை இரண்டு கையாலும் பிடித்து, கரையூர்ப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி திருப்பினார். கயிறு முறுகி ஆடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். படலைக்கு வெளியே, தலையில் மீன் கடகத்தோடு திரேசா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கடகத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அவள் அடுத்த ஒழுங்கையால் திரும்பும்வரை அவர் கையை எடுக்கவில்லை.