நான்கு சாவிக்கொத்து டார்ச்சுகளும் சங்கரன்கோவிலில் ஓர் அண்ணனும்

இது இருட்டில் கண் தெரியாதவர்களுக்கான பயணக் குறிப்பு. மற்றவர்களும் வாசிக்கலாம். ஆனால் கீழே வந்து, முருங்கைக்கீரை சாப்பிட்டால் மாலைக்கண் சரியாகிவிடும் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். போன பதிவில் பதினேழு பேர் எழுதினார்கள். எனக்கு இருப்பது கீரையில் சரியாகிற மாலைக்கண் இல்லை. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. முதலில் இருட்டில் தெரியாது. அடுத்து பக்கவாட்டில் தெரியாது. பிறகு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல ஆகி, ஒருநாள் குழாயும் அடைபடும். என் வகைக்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் மதுரையில் ஒரு கண் மருத்துவர். என்னைவிட இருபது வயது சின்னவர். "அப்பா அம்மா சொந்தமா?" என்று கேட்டார். "அம்மா, அப்பாவுக்கு அக்கா மகள்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான்கு ஏக்கர் வெளியே போய்விடக் கூடாது என்று செய்த கல்யாணம் அது. நிலத்தை அப்பாவே விற்றுத் தின்றார். எங்களுக்குச் சமமாக மிஞ்சிய சொத்து இதுதான்.

இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். கூடப் பிறந்தவர்களுக்கும் இருந்தால் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள், ஓரளவுக்கு ஒரே மாதிரி போகும், உறுதியில்லை என்றார். அதற்காகத்தான் கார்த்திகை மாதம் சங்கரன்கோவில் போனேன். கோவிலுக்கு இல்லை.

அங்கே என் அண்ணன் இருக்கிறான். என்னைவிட ஆறு வயது மூத்தவன். வீட்டுக்குப் பின்னால் நான்கு விசைத்தறி ஓட்டுகிறான். ஒன்பது வருஷமாக நாங்கள் பேசவில்லை. சிவகிரியில் ஒரு கல்யாணத்தில், பந்தி வாசலில், மேளச் சத்தத்துக்கு நடுவே நான் சிரித்துக்கொண்டு எதிரே நின்றேன். அவன் என் தோளை உரசிக்கொண்டு போனான், முகத்தைத் திருப்பவே இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டையும் தறியையும் எடுத்துக்கொண்ட கர்வம் என்று நினைத்தேன். இப்போது என் அலுவலகத்தில் என்னைப் பற்றி அதையே சொல்கிறார்கள், எதிரே வந்தாலும் மதிப்பதில்லை என்று. டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் சிவகிரி எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் அல்லவா?

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு போன் செய்து, கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ராத்திரி கொஞ்சம் மங்கல், அம்புட்டுத்தான். தறியெல்லாம் நாந்தானல பாக்கேன்" என்றான். ஐம்பத்தாறு வயதில் தறி பார்க்கிறான் என்றால் ஐம்பது வயதான எனக்குக் குறைந்தது ஆறு வருஷம் இருக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு அன்று ராத்திரி தூங்கினேன். அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளத்தான் பயணம்.

கூடவே ஒரு வேலையையும் வைத்துக்கொண்டேன். பை தூக்காமல், சட்டைப் பையிலேயே எப்போதும் கிடக்கிற மாதிரி ஒரு சாவிக்கொத்து டார்ச் எனக்கு வேண்டும். கைபேசி வெளிச்சம் போதாதா என்பார்கள். கைபேசியை எடுத்து, திரையைத் தேய்த்து, விளக்கைக் கண்டுபிடிப்பதற்குள் நான் சாக்கடையில் இருப்பேன். அதனால் நான்கு வாங்கினேன். முதலாவது, பொத்தான் பேட்டரி போட்ட பிளாஸ்டிக் டார்ச், முப்பது ரூபாய். இரண்டாவது, சுண்டுவிரல் பேட்டரி ஒன்று போடுகிற அலுமினிய டார்ச். தலையைத் திருகினால் எரியும், முந்நூற்றைம்பது. மூன்றாவது கைபேசி சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுவது, தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. நான்காவதை மதுரை நடைபாதையில் நூற்றிருபதுக்கு வாங்கினேன். இதற்கும் சுண்டுவிரல் பேட்டரிதான். பின்பக்கம் அமுக்குகிற பொத்தான் உண்டு. அதைக் கணக்குக்குத்தான் வாங்கினேன், நம்பி இல்லை.

மாட்டுத்தாவணியில் மதியம் மூன்று மணிக்குப் பேருந்து. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், டிக்கெட் நூற்றிருபத்தைந்து. பகலில் போய்ச் சேருகிற வண்டி காலையில் இருந்தது. டார்ச்சுகளைச் சோதிக்க வேண்டும் என்பதால் வேண்டுமென்றே இதைப் பிடித்தேன். உங்களுக்கு அப்படி அவசியம் இல்லையென்றால் காலை வண்டியில் போங்கள். கார்த்திகையில் ராஜபாளையம் தாண்டும்போதே பொழுது மங்கிவிடுகிறது, எனக்கு அதற்கும் முன்னாலேயே.

மூக்குக் கண்ணாடி இருக்கைக்கு அடியில் விழுந்தது. முப்பது ரூபாய் டார்ச்சை எடுத்தேன். நீல நிறத்தில் ஒரு புகை மாதிரி வெளிச்சம். அமுக்கிப் பிடித்திருந்தால்தான் எரியும், விரலை எடுத்தால் போச்சு. ஒரு கையால் அமுக்கி, இன்னொரு கையால் துழாவி, தலையை முன் இருக்கைக் கம்பியில் இடித்துக்கொண்டேன். கடைசியில் பக்கத்துப் பெண்மணிதான் எடுத்துக் கொடுத்தார். இதைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது திருகு டார்ச். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, மஞ்சள் கலந்தது, கண் கூசவில்லை. ஆனால் திருக இரண்டு கை வேண்டும். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் படிக்கட்டுக் கம்பி. மூன்றாவது கை உள்ளவர்கள் வாங்கலாம். நான் பெட்டியை நடத்துநர் காலில் வைத்துவிட்டுத் திருகினேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெளியே ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆட்டோக்காரர் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அதக் கீழ புடிங்க. கடைவீதி பூரா லைட்டு எரியுது. இதுல டார்ச்சு அடிச்சு என்னத்தத் தேடுதிய?"

"உங்க ஆட்டோவத்தான்."

"மஞ்சக் கலருல இம்மாம் பெருசா நிக்கி. இதையே தேடுதியன்னா வீட்டுல பொஞ்சாதிய எப்படிக் கண்டுபிடிக்கிய?"

ஏறி உட்கார்ந்தேன். ஒன்றரை கிலோமீட்டருக்கு எண்பது ரூபாய் வாங்கினார். ஆனால் இறங்கும்போது, "இங்கன ஒரு பள்ளம் கெடக்கு, இந்தப் பக்கமா வாங்க" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. மூன்றாவது டார்ச்சைப் பற்றி: வெளிச்சம் பயங்கரம், அதுதான் குறையும்கூட. நம்மைப் போன்ற கண்ணுக்கு ஈரச் சாலையிலிருந்து திரும்பி வருகிற வெள்ளை வெளிச்சம், இருட்டைவிட மோசம். அமுக்க அமுக்க ஐந்து விதமாக எரிகிறது, ஒன்றில் கண் சிமிட்டுகிறது.

அண்ணன் வாசலில் நின்றான். நான் கேட்டைத் திறந்த சத்தத்திலேயே "வால, உள்ள வா" என்றான். முன்னால் நடந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தான். சுவர் ஓரமாகத் திரும்பி, தறிக் கொட்டகைக்குள் போய், எதிலும் இடிக்காமல் வந்தான். நான் அந்த வீட்டில் இரண்டு முறை இடித்துக்கொண்டேன். அவன் என்னைவிட நன்றாக இருக்கிறான் என்று நினைத்தேன். சாப்பிடும்போது இலையில் முருங்கைக்கீரை வைத்த மதினியிடம்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் காலை, நல்ல வெயிலில், கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தான். தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. நான் சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன்.

"என்னல அது, இத்தன சாவியா?"

"டார்ச்சு. நாலு வாங்கியிருக்கேன். எது நல்லதுன்னு பாக்கணும்."

"கொண்டா."

விரலால் ஒவ்வொன்றாகத் தடவினான். சார்ஜ் ஏற்றுகிற டார்ச்சை எடுத்து, அமுக்கினான். தன் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் பிடித்தான். பக்கவாட்டில் நின்ற நானே தலையைத் திருப்பிக்கொண்டேன். அவன் கண்ணைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை.

"இது எரியுதால?"

நான் அவன் கண்ணையே பார்த்தேன்.

"சொல்லு. எரியுதா?"

"எரியுது."

"உனக்குக் கூசுதா?"

"கூசுது."

"அப்ப நீ நல்லாத்தான் இருக்க" என்றான்.

தறியை நான்தான் பார்க்கிறேன் என்று போனில் சொன்னாயே என்றேன். "பின்ன எப்படிச் சொல்லச் சொல்லுத? சத்தத்துலயே எந்தத் தறி நின்னுச்சுன்னு தெரியும். மத்ததுக்கு அவ இருக்கா." எப்போதிருந்து என்று கேட்டேன். அவன் அதை நூல் விலை சொல்வதுபோலச் சொன்னான்: "அம்பத்திரண்டுல பேப்பர் படிக்கது நின்னுச்சு. அந்த வருசம் முடியறதுக்குள்ள ஆளுக மொகமும் போச்சு. இப்ப வெயில் அடிக்கதுகூட மேல சூடு ஏறுனாத்தான் தெரியும்."

"எனக்கு அம்பது" என்றேன்.

"தெரியும்ல. நீ பொறந்தப்ப நான் ஒண்ணாங்கிளாசு."

ஆறு வருஷம் என்று வந்தவனுக்கு இரண்டு கிடைத்தது. டாக்டர் உறுதியில்லை என்றுதான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம்தான், தெம்பு இல்லை.

போனில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு அடுக்களை வாசலில் நின்ற மதினி பதில் சொன்னார். "சின்ன மகளுக்குத் தை மாசம் கல்யாணம் தம்பி. போன்ல பேசுனா வெளிய கேக்கும். கண்ணு தெரியாத வீடுன்னு பேராயிரும்லா."

"மாப்பிள்ளை எங்கன?"

"வெளியில எங்க போக? என் தம்பி மகன்தான்."

மதினி எங்கள் அம்மாவின் தம்பி மகள். அவர் தம்பி மகன் என்றால் அதே ரத்தம், அதே வட்டம். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், நானே மதுரைக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன்.

"எடுத்துப் பாத்து?" என்றான் அண்ணன். "வெளியில குடுத்தா நாலு எடத்துல விசாரிப்பான். சொந்தத்துல எவன் விசாரிப்பான்? அதுக்காகத்தானல சொந்தத்துல குடுக்கோம்."

"அதனாலதானே நமக்கு வந்துச்சு."

"செல்லத்தைக்கும்தான் இருந்துச்சு" என்றார் மதினி. செல்லத்தை எங்கள் அப்பாவின் தங்கை. "அவுக எட்டுப் புள்ள பெக்கலையா, வளக்கலையா?"

எட்டில் மூன்று பேருக்குக் கண் இல்லை என்பதைச் சொன்னேன். மூன்றுதானே என்றார். படித்த படிப்பையெல்லாம் அந்தக் கொல்லையில் கொட்டினேன். தறிச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. பத்திரிகை அடித்தாயிற்று என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், மஞ்சள் தடவி.

கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் மறுபடி டார்ச்சுகளைக் கேட்டான். நூற்றிருபது ரூபாய் டார்ச்சின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கினான்.

"இதுதாம்ல நல்லது. பொத்தான் உள்ள அமுங்கி நின்னா எரியுது. வெளிய துருத்துனா அணைஞ்சிருச்சு. மத்ததுல எரியுதான்னு ஒருத்தங்கிட்ட கேக்கணும்."

"உனக்கு எதுக்கு டார்ச்சு?"

"சாயங்காலம் டீக்கடைக்குப் போவேன்லா. பைக்குல வாரவனுக்கு நான் தெரியணும்ல."

அதை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். மதுரையில் அதே நடைபாதையில் இன்னொன்று வாங்கினேன், அதே விலை. திரும்பி வந்தது பகல் வண்டி.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்திலிருந்து வெளியே வரும் பாதையில் பைக்குகளை வரிசையில்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள், முழங்கால் பத்திரம். மழை பெய்திருந்தால் வெள்ளை வெளிச்ச டார்ச்சைத் தரையில் அடிக்காதீர்கள், பக்கத்துச் சுவரில் அடித்தால் வழி தெரியும். ஆட்டோக்காரரிடம் கண் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கு வரலாம்.

டார்ச் விஷயத்தில் என் முடிவு மாறிவிட்டது. கிளம்பும்போது கேட்டிருந்தால் திருகு டார்ச்சைச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன், பொத்தான் அமுங்கி நிற்கிற மலிவு டார்ச்சை வாங்குங்கள், மாற்றுப் பேட்டரி ஒன்றும் சேர்த்து. முதலில் அது உங்களுக்கு வழியைக் காட்டும். பிறகு வண்டிக்காரர்களுக்கு உங்களைக் காட்டும். இரண்டுக்கும் தனித்தனி டார்ச் வாங்க வேண்டியதில்லை.