கதிரணுக்கர் தம் இறந்தோரை வைக்கும் முறை

என் மகளின் உடலைக் கத்திரி வெயிலின் உச்சிப்பொழுதில், குடையின்றி, முகம் மூடாமல் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றேன். பாகூரை அடுத்த எங்கள் ஊரில் அது இன்றும் பேசப்படுகிறது. கிழவருக்குப் பொறுமையில்லை என்பார் சிலர். தமிழ் படித்த செருக்கு என்பார் சிலர். திருக்கனூரில் வாழும் என் தங்கை அன்று முதல் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. ஊரார் பேச்சுக்கு விடையளிப்பது மட்டுமே நோக்கமாயின் நான் எழுதுகோலை எடுத்திருக்க மாட்டேன். நான் செய்தது, என் மகள் தன் மனத்தில் படைத்த ஒரு மக்களின் வழக்கத்தைப் பின்பற்றியே. அம்மக்களைப் பற்றி ஏடு ஏதும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை, அவள் வாயால் சொல்லக் கேட்டவர் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மட்டுமே. கேட்டவற்றை நாங்கள் இருவரும் இப்போது வேறு வேறாக நினைவுகூர்கிறோம். ஆகவே என் நினைவில் உள்ளதை, அது மேலும் திரியுமுன் எழுதிவைக்க வேண்டியுள்ளது.

என் மகள் இயற்பியல் பயின்றவள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். விளையாட்டு விழாவொன்றில் பிள்ளைகளோடு பகல் முழுதும் திடலில் நின்று திரும்பிய மாலை, அவள் கன்னங்கள் இரண்டிலும் சிவந்த தடிப்பு எழுந்திருந்தது. வேர்க்குரு என்றாள் என் மனைவி. சில மாதங்களில் விரல் மூட்டுகள் வீங்கின. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. புதுச்சேரியில் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: லூபஸ். உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே உடலைப் பகையெனக் கருதித் தாக்கும் நோய் அது. அவளைப் பொறுத்தவரை ஞாயிற்றின் ஒளி அப்பகைக்குத் தூண்டுகோல். வெயிலில் சிறிது நேரம் நின்றாலும் அடுத்த சில நாள்கள் காய்ச்சலில் கிடப்பாள்.

நான் அந்நோய்க்குத் தன்பகை என்று பெயரிட்டேன்.

"நல்லாத்தான் இருக்குதுப்பா. டாக்டர் கிட்ட சொல்லிப் பாருங்க, மாத்திரைய மாத்திக் குடுத்துடப் போறாரு" என்றாள்.

அன்று முதல் எங்கள் வீடு இருளுக்குப் பழகியது. சன்னல் கண்ணாடிகளுக்கு நான் கருஞ்சாயம் பூசினேன். இடுக்குகளில் என் மனைவி பழைய புடவைகளைக் கிழித்துச் செருகினாள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் விடியுமுன் முதல் பேருந்தைப் பிடிப்போம். ஒளி மங்கும்வரை அங்கேயே ஒரு மூலையில் அமர்ந்திருந்து திரும்புவோம். பேருந்தைவிட்டு இறங்குமுன் விடிந்துவிடும் என்பதால் என் மனைவி கையில் எப்போதும் ஒரு கருங்குடை இருக்கும். அவள் தன் தலைக்கு அதைப் பிடித்து நான் கண்டதில்லை. மகளுக்கு உறுதி செய்திருந்த திருமணப் பேச்சும் அவ்வாண்டே நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மூலக்குளத்தில் புதுவீடு கட்டியிருந்தனர். வெளியே வர இயலாத பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் கேட்டதில் எனக்குச் சினம் இருந்தது.

இருட்டறையில் அடைபட்டவள் குளிர்ந்த உலகமொன்றைக் கற்பனை செய்வாள் என்றுதான் எவரும் நினைப்பர். அவள் படைத்ததோ வேறு. ஒரு விண்மீனுக்கு மிக அருகில், வேறு எவரும் அணுக அஞ்சும் தொலைவில், விண்கலங்களிலேயே பிறந்து கலங்களிலேயே மடியும் ஒரு மக்கள். அவர்களுக்கு நான் கதிரணுக்கர் என்று பெயர் சூட்டினேன். அவள் வெயில்காரங்க என்றே கடைசிவரை சொன்னாள்.

அவர்கள் அங்கு சென்றது ஒளியை அறுவடை செய்ய. நெடுந்தொலைவில், குளிரில் வாழ்ந்த ஓர் இனம் அவர்களைக் கூலிக்கு அனுப்பியிருந்தது. அவர்கள் ஒளியை அறுத்துக் கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்புவர். மாற்றாக நீரும் விதையும் வரும். பல தலைமுறைகள் கழிந்தபின் நீரும் விதையும் வருவது நின்றுபோயிற்று. அனுப்பிய ஒளியைப் பெற்றுக்கொள்ள அப்பக்கம் யாரேனும் உள்ளனரா என்பதும் தெரியவில்லை. ஆயினும் அவர்கள் அறுப்பதை நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். "விலகிச் சென்றுவிடலாமே. கலம் இருக்கிறது, செலுத்தவும் தெரியும்."

"எங்கப்பா போவாங்க? பொறந்த எடம் அது."

"எரித்துக் கொல்லும் இடம் அம்மா."

"ஆமா" என்றாள்.

மாலை வேளைகளில் பக்கத்து வீட்டுப் பெண் வருவாள். கரும்பு வெட்டும் வேலைக்குச் செல்பவள். கரும்பின் சோகை இலை கீறிய கைகளில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு என் மகளின் கட்டிலுக்கருகில் தரையில் அமர்வாள். பகல் முழுதும் வெயிலில் நின்றவளும் பகல் முழுதும் வெயிலைக் காணாதவளும் பேசிக்கொள்வதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்பேன்.

"அந்த ஜனம் இன்னாதான் துன்னும்?"

"பாசிதான்க்கா. கண்ணாடித் தொட்டியில வளப்பாங்க."

"அய்ய. ஒரு கருவாடு கூட இல்லியா?"

"மீனுக்கு எங்க போறது?"

"அப்ப நீயே வச்சிக்க அந்த ஊர. நான் பாகூர் ஏரியாண்டயே கெடந்துட்டுப் போறேன்."

இருவரும் சிரிப்பர். என் மனைவி மட்டும் அப்பேச்சில் கலந்துகொள்வதில்லை. வெயில் என்ற சொல் காதில் விழுந்ததும் அடுக்களைக்குச் சென்றுவிடுவாள். "ஒடம்புல இருக்கிற வெயில் பத்தாதுன்னு வாயில வேற எதுக்குடி?" என்று ஒருமுறை கேட்டாள்.

கதிரணுக்கரின் வழக்கங்களுள் தலையாயது நிழல்முறை. கலத்தின் கதிர்ப்புறத்தே பெருங்கேடயம் ஒன்று உண்டு. அதன் நிழலில்தான் மொத்தக் கலமும் உயிர்வாழ்கிறது. கேடயம் பழுதுபட்டால் வெளியே சென்று செப்பனிட வேண்டும். எவரும் தனியே செல்வதில்லை. ஒருவர் பழுது பார்ப்பார். மற்றொருவர் அவருக்கும் விண்மீனுக்கும் இடையே நிற்பார். நிற்பவருக்கு வேறு வேலை இல்லை. தம் உடலால் நிழல் தருவதே வேலை. அவ்வாறு ஒருவர் நிழலில் ஒருவர் வேலை செய்துவிட்டால், அதன்பின் அவர்கள் உறவினர். குருதிவழி உறவைக் கதிரணுக்கர் பெரிதாகக் கொள்வதில்லை. யாருடைய நிழலில் நின்றாய் என்றே அவர்கள் ஒருவரையொருவர் கேட்பர்.

இறந்தோரை அவர்கள் எரிப்பதில்லை. புதைக்க மண் இல்லை. உடலைக் கேடயத்திலேயே பதித்துவிடுவர். உயிரோடிருந்த காலத்தில் முறைவைத்து நிழல் தந்தவர், இறந்தபின் முறையின்றி எப்போதும் நிழல் தருவார். கேடயம் முழுவதுமே அவ்வாறு இறந்தோரால் ஆனது என்றாள். முதலில் போனவர்கள் கொண்டுவந்த உலோகம் எப்போதோ தேய்ந்துபோயிற்று.

பதிக்கும்போது முகம் விண்மீனை நோக்கி இருக்கும் என்று சொன்னாள். வாழ்நாளெல்லாம் கண்ணால் காணக்கூடாத ஒன்றை இறந்தபின் நேருக்குநேர் காண்பது அவர்களுக்குரிய பேறு. இவ்வாறுதான் எனக்கு நினைவு. அவள் எழுந்து உட்காரக்கூடிய காலத்தில், தலையணையில் சாய்ந்தபடி இதைச் சொன்னாள்.

எழுதிவைக்கலாமே என்று பலமுறை கேட்டேன். விரல்களை மடக்க முடியாதவளிடம் அப்படிக் கேட்டிருக்கக்கூடாதுதான். நான் எழுதுகிறேன் என்றேன். "வெயில்காரங்க எழுத மாட்டாங்கப்பா. காகிதம் பத்திக்கும்" என்றாள். கைப்பேசியில் பதிவு செய்யவும் ஒப்பவில்லை. நான் செய்ததெல்லாம் பெயர்கள் இட்டதுதான். கேடயத்துக்கு, பாசித்தொட்டிக்கு, ஒளிக்கட்டுக்கு, நிழலில் நிற்பவருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தூய தமிழில் ஒரு பெயர். அவற்றை அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லும்போது ஒன்றைக்கூடப் பயன்படுத்த மாட்டாள்.

நோய் சிறுநீரகத்தை அடைந்தது. குருதியைப் பொறியில் தூய்மை செய்து திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்காக அடிக்கடி புதுச்சேரிக்குப் போய்வந்தோம். ஒரு கட்டத்தில் அதுவும் பயன் தராது என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அழைத்துவந்தோம். என் மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சென்றிருந்த ஒரு மாலையில் மகள் என்னை அருகே அழைத்தாள்.

"அப்பா, என்னைய எங்க ஆளுங்க மாதிரியே வச்சிடுங்க. உச்சி வெயில்ல எடுத்துட்டுப் போங்க. குடை வேணாம். இருட்டுனப்புறம் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

"சரி அம்மா" என்றேன்.

"அம்மா ஒத்துக்காது."

"நான் பார்த்துக்கொள்கிறேன்."

"பெருசா பாத்துப்பீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் ஒரு விடியற்காலையில் இறந்தாள். வெயில் ஏறுமுன் வாசலில் துணிப்பந்தல் போட்டுவிட்டார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி, அத்தைக்காரி வந்து முகம் பார்த்தபின், வெயில் தாழ எடுக்கலாம் என்று முடிவு செய்தனர். முறையான முடிவு அதுவே. என் தங்கை அப்போது தன் கணவரின் மருத்துவத்துக்காக விழுப்புரத்தில் இருந்தாள். அவருக்குத் துணைக்கு ஆள் வந்தபின்தான் அவள் புறப்பட முடியும். வந்துசேரப் பிற்பகல் ஆகும். நான் உச்சிப்பொழுதில் எடுக்க வேண்டும் என்றேன். பந்தலையும் பிரிக்கச் சொன்னேன்.

"தார் ரோடு கொதிக்குது. தூக்குறவன் காலு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் பங்காளி ஒருவர்.

மற்றொருவர் என் தோளைத் தொட்டு, "அத்தைக்காரி மொகம் பாக்க வேணாமாய்யா? ஊரு இன்னா சொல்லும்?" என்று மெல்லக் கேட்டார்.

நான் காரணம் சொல்லவில்லை. விண்மீனுக்கருகில் வாழும் மக்களைப் பற்றி, பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் என்னால் எவ்வாறு சொல்ல முடியும்? மூத்தவன் சொல் என்பதால் அவர்கள் இறுதியில் பணிந்தனர். என் மனைவி பணியவில்லை.

"இத்தினி வருசமா ஒரு பொட்டு வெயில் படாம பாத்தேன். செத்த அன்னிக்கிப் போட்டுச் சுடணுமா நீ?" என்றாள். மணமான நாள் முதல் என்னை அவள் ஒருமையில் அழைத்தது அன்றுதான்.

பந்தல் பிரிந்தது. மகளின் முகத்தில் ஒளி விழுந்தது. பல ஆண்டுகள் வெயில் காணாத அந்தத் தோல் வெளுத்திருந்தது. கன்னத்துத் தழும்புகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன. என் மனைவி முந்தானையை எடுத்து முகத்தை மூடினாள். நான் விலக்கினேன். அவள் மீண்டும் மூடினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாடையைத் தூக்கியபோது அவள் உள்ளே ஓடிக் கருங்குடையை எடுத்துவந்தாள். பாடையின் பக்கவாட்டில், வெயில் வந்த பக்கமாக நடந்து, குடையை மகளின் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். தலைவிரி கோலத்தில், செருப்பில்லாமல், தன் உடல் முழுதும் வெயிலில் இருக்க. எங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். அங்கே பக்கத்து வீட்டுப் பெண் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். குடை தாழ்ந்தது. அங்கிருந்து சுடுகாடுவரை, கரும்பு வெட்டி முடிந்த கொல்லைகளுக்கிடையே, என் மகள் முகத்தில் வெயிலோடு போனாள்.

என் தங்கை வந்தபோது நாங்கள் குளித்துத் திரும்பியிருந்தோம். "ஏண்ணா, கொஞ்சம் பொறுக்க முடியலியா? எம் மருமவ மொகத்த நான் பாக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. அப்படியே பேருந்துக்குத் திரும்பினாள்.

இவையனைத்தையும் நான் தாங்கிக்கொண்டிருந்தேன், செய்தது மகள் சொன்னபடி என்ற உறுதியால். படையல் முடிந்த சில நாள்களுக்குப்பின் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். வழக்கம்போல் தரையில் அமர்ந்து, வெறுங்கட்டிலைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீங்க தப்பா நெனைக்கக் கூடாது, ஐயா. செத்தவங்க மொகம் வெயில பாத்துக்கினு இருக்கும்னா ஒங்ககிட்ட சொல்லுச்சி?"

"ஆம்."

"எங்கிட்ட அப்டி சொல்லல. முதுகுதான் வெயிலுக்காம். மொகம் உள்ள பாத்துக்கினு இருக்குமாம். இல்லன்னா நம்ம நெழல்ல யாரு கீறாங்கன்னு எப்பிடிக்கா தெரியும்னு கேட்டுச்சி."

அடுக்களையில் பாத்திர ஓசை நின்றது. என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வரவில்லை.

கடைசி மாதங்களில் நான் மருந்து வாங்க வில்லியனூர் சென்ற மாலைகளில் என் மகள் அவ்வழக்கத்தை மாற்றியிருக்கலாம். அல்லது நான்தான், கேட்க விரும்பியதைக் கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது மெய்யாயின், அந்த முகத்தை மூடியிருக்க வேண்டும். நான் கையைப் பிடித்துத் தடுத்தவள் செய்ததே முறை. உச்சிப்பொழுதைப் பற்றி எனக்கு ஐயமில்லை. முகத்தைப் பற்றி இருக்கிறது.

என் மகளோடு பணியாற்றியவர்கள், அவளிடம் பயின்றவர்கள், மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள் யாரேனும் இதனைப் படிக்கக்கூடும். பொறியோடு பிணைந்து கிடந்த நீண்ட பொழுதுகளில் அவள் உங்களிடமும் இம்மக்களைப் பற்றிப் பேசியிருக்கலாம். கலத்தின் அமைப்பிலோ அறுவடை முறையிலோ நான் பிழைபட எழுதியிருந்தால் அதையும் தெரிவியுங்கள், திருத்திக்கொள்வேன். ஆனால் முதலில் கேடயத்தில் பதிக்கப்பட்டவர்களின் முகம் எப்பக்கம் நோக்கியிருக்கும் என்று அவள் உங்களிடம் சொன்னாள் என்பதைச் சொல்லுங்கள். விடை எதுவாயினும், என் மனைவியிடம் அதை நான் மறைக்க மாட்டேன்.