கார்க் கொம்பனிக்கு எழுதிய மனு

எண்பதுகளின் நடுவில், மொன்ட்ரியாலுக்கு வந்த ஒன்பதாவது மாதத்தில், பக்கத்து நகரமான லவாலில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு பொய்க்குப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். லவாலுக்கு அப்போது மெத்ரோ ரயில் இல்லை. முதல் பஸ் போய்ச் சேர ஆறே முக்கால் ஆகும். ஆகவே மேற்பார்வையாளர் கேட்ட ஒரே கேள்வி, கார் இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்றேன். மூன்று கிழமை கழித்து ஒரு திங்கட்கிழமை வரச் சொன்னார். ஓட்டுநர் பத்திரம் என்னிடம் உண்மையாகவே இருந்தது. ஓட்டுவதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னோடு அறையில் இருந்த அண்ணை, யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் சைக்கிள் ஏஜென்சி வைத்திருந்தவர். இங்கே உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். நான் கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பதினொரு வருடம் எழுதுவினைஞன். உலகத்தில் எந்தச் சிக்கலும் தகுந்த கடிதம் ஒன்றினால் தீரும் என்று நம்புகிற இனம்.

பத்திரிகையில் வந்த ஒரு கார் விளம்பரத்தின் அடியில் கொம்பனியின் தலைமை அலுவலக விலாசம் இருந்தது. எனக்கு ஒரு ஞானம் பிறந்தது.

"அண்ணை, காரைச் செய்யிறது கொம்பனிதானே? அப்ப நடுவிலை இந்தக் கடைக்காரனுக்கு என்ன வேலை? நேர கொம்பனியிட்டை வாங்கினால் மலிவெல்லே?"

"அப்ப நான் பதினைஞ்சு வருசம் நடுவிலை நிண்டு புல்லே புடுங்கினனான்?"

"உங்களைச் சொல்லேல்லை."

"வேறை ஆரைச் சொன்னனீர்? ஐசே, பிரேக் பிடிக்காட்டி ஆரிட்டைப் போய்ச் சண்டை பிடிப்பீர்? என்ரை கடைக்குச் சனம் வந்து கத்தும். கத்துறதுக்கு ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் கொமிசன்."

சுயநலத்தில் பிறந்த வாதம் என்று அதை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கந்தோர் மரபில் மேலிடத்துக்கு எழுதும் மனுவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மனுதாரரின் நிர்க்கதி முதலில் விளங்கவேண்டும். எவ்வளவுக்கு நிர்க்கதியோ அவ்வளவுக்கு மனு பலமானது. ஆகவே மூன்று பக்க ஆங்கிலத்தில், லவால் வேலையை எழுதினேன். திங்கட்கிழமையை எழுதினேன். பஸ் நேரத்தை எழுதினேன். கார் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும் என்பதை இரண்டு தரம் எழுதினேன். ஒளிவுமறைவு இல்லாத மனிதன் என்று காட்டுவதற்காக என் சேமிப்பின் முழுத்தொகையையும் எழுதி, தங்கள் கீழ்ப்படிவுள்ள சேவகன் என்று முடித்தேன்.

அண்ணை வாசித்துப் பார்த்தார். "நீர் கார் கேக்கிறீரோ, அரசாங்கத்தின்ரை பிச்சைச் சம்பளம் கேக்கிறீரோ?"

பன்னிரண்டாம் நாள் தடித்த தாளில் பதில் வந்தது. தாங்கள் பாவனையாளர்களுக்கு நேரடியாக விற்பதில்லை. எனது கடிதத்தை எனக்கு மிக அருகில் உள்ள விற்பனையாளருக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். அவர் எனக்கு உதவ ஆவலாக இருப்பார்.

இருந்தார். சனிக்கிழமை அண்ணையோடு போனேன். வேலை தொடங்கும் திங்களுக்கு இன்னும் ஒன்பது நாள். மீசை வைத்த விற்பனையாளர் "பொன்ஜூர்" என்று கைகொடுத்து, என் பெயரைக் கேட்டதும் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து என் மூன்று பக்கத்தையும் மேசையில் விரித்தார். திங்கட்கிழமையின் கீழே சிவப்புப் பென்சில் கோடு. சேமிப்புத் தொகையின் கீழே இரண்டு கோடு. இறைச்சிக்கடைக்காரனுக்கு ஆடு தன் நிறையைத் தானே எழுதி அனுப்பியதுபோல இருந்தது.

"இனி என்னத்தைப் பேரம் பேசுறது?" என்று அண்ணை முணுமுணுத்தார். "கையையும் காலையும் கட்டித் தபாலிலை போட்டிருக்கிறீர்."

முதலில் புதுக்காருக்கான கடன் விண்ணப்பம். கொம்பனி அச்சடித்த படிவம். நாட்டில் எத்தனை வருடம் என்ற கட்டத்தில் மாதக் கணக்கை எழுதினேன். குடியுரிமை என்ற கட்டத்தில், விசாரணை முடியாத அகதி என்பதை எப்படிச் சிறிதாக எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினேன். விற்பனையாளர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பிரெஞ்சில் கதைத்துவிட்டு வைத்தார். கொம்பனி முடியாது என்கிறது.

நான் எழும்பிவிட்டேன். அவர் எழும்பவில்லை. கடிதத்தை இன்னொரு தரம், இந்த முறை பென்சில் இல்லாமல், வாசித்தார்.

"கொம்பனியின் கார்கள் முன்னால் நிற்பவை. பின்னால் நிற்பவை என்னுடையவை" என்றார்.

பின்னால் ஒரு மண்ணிறக் கார் நின்றது. எட்டு வயது. கதவில் துரு. அந்தக் கிழமைதான் யாரோ புதுக்காருக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. முற்பணம் இப்போது, மிச்சத்தை வெள்ளிதோறும் அவர் கையில் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். படிவம் இல்லை. முற்பணம் மட்டும், என்ன ஆச்சரியம், என் சேமிப்பின் முழுத்தொகை.

அப்போதுதான் அண்ணை வேலையைத் தொடங்கினார். கால்வாசி ஆங்கிலம், கால்வாசி பிரெஞ்சு, மிச்சம் தலையாட்டல். மூன்று தரம் அந்த மனிதர், மேலாளரைக் கேட்டு வருகிறேன் என்று கண்ணாடி அறைக்குள் போனார்.

"உள்ளை ஒருத்தரும் இல்லை," என்றார் அண்ணை. "நிண்டு கோப்பி குடிக்கிறான். நானும் இப்பிடித்தான், முதலாளியைக் கேக்கோணும் எண்டு பின்னுக்குப் போய் சோடா குடிச்சிட்டு வாறனான்."

"முதலாளி நீங்கள்தானே?"

"அதுதான் ஐசே சோடா."

விலை கொஞ்சம் இறங்கியது. நான்கு பனிக்கால டயர்கள் சேர்ந்தன. அண்ணையும் அவரும் கைகொடுத்த விதத்தைப் பார்த்தால் கார் வாங்கியது யார் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

கொம்பனிகள் நேரடியாக விற்கலாமா என்று இப்போது யாராவது கேட்டால், விற்கட்டும் என்றுதான் சொல்வேன். நடுவில் ஓர் ஆளை வைத்தே ஆகவேண்டும் என்று வாங்குகிறவனைக் கட்டாயப்படுத்துவது நியாயம் இல்லை. சிவப்புப் பென்சில் நினைவிருக்கிறது. ஆனால் நேரடியாக விற்றிருந்தால் அந்தக் கொம்பனி எனக்கு விற்றிருக்காது என்பதும் நினைவிருக்கிறது. படிவம் முடியாது என்றால் முடியாதுதான். அதற்குப் பின்வளவு கிடையாது. இரண்டு வழியும் திறந்திருக்கட்டும் என்பது என் கட்சி. அண்ணையிடம் இதைச் சொன்னபோது, இது ஒரு கட்சியே அல்ல என்றார்.

அந்தத் திங்கட்கிழமை ஐந்து இருபதுக்கே லவாலில் நின்றேன். துரு தெரியாத பக்கம் வாசலைப் பார்க்கும்படி காரை இரண்டு தரம் திருப்பி நிறுத்தினேன். மேற்பார்வையாளர் வந்து தொழிற்சாலைக் கதவைத் திறந்தார். வாகனத் தரிப்பிடத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பாதுகாப்புச் சப்பாத்து இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அலுமாரியிலிருந்து பழைய சோடி ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். ஓர் அளவு பெரிது. ஆறு மணிக்கு மூன்றாவது இயந்திரத்தடியில் நின்று, முதல் வாளியைக் கையில் வாங்கினேன்.