மெமரிலெஸ் மனப்பாடம்

போன மாதம் ஒரு காலை. ஐயப்பன்தாங்கல் பஸ் ஸ்டாப். எங்கள் மேல்ஃப்ளாட் நஸ்ரின், ஜெராக்ஸ் கட்டோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சையாம்மா?"

"ஆமா ஆன்ட்டி. ப்ராபபிலிட்டி அண்ட் ரேண்டம் ப்ராசஸ். இந்த ஒரு அரியர்தான் பாக்கி. இது போச்சுன்னா கேம்பஸ்ல கிடைச்ச வேலையும் போச்சு."

போனில் நாம் "ஹலோ... கேக்குதா?" என்று கத்துகிறோமே, அந்த இரைச்சலையும் கணக்குக்குள் கொண்டுவரும் பாடமாம். தொலைத்தொடர்பு படிப்புக்கு இதுதான் அஸ்திவாரமாம். நஸ்ரினுக்கு இது மூன்றாவது படையெடுப்பு.

"எல்லாம் படிச்சாச்சா?"

"ரெண்டு யூனிட் சாய்ஸ்ல விட்டுட்டேன். மெமரிலெஸ் ப்ராப்பர்ட்டி மட்டும் மக்கப். போன ரெண்டு தடவையும் வரல... இந்தத் தடவை வந்தே ஆகணும்!"

மெமரிலெஸ் என்றால் ஞாபகமே இல்லாதது. அதைப் போய் மனப்பாடம் செய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு தெரியாது என்று யார் சொன்னது? எந்தக் கேள்வி வரும் என்பதில் எல்லோருமே மேதைகள்!

கல்லூரி திருமழிசை தாண்டி. பஸ்ஸோ முக்கால் மணி நேரமாகக் காணோம். ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். அவள் நகரவில்லை.

"இவ்ளோ நேரம் நின்னாச்சு ஆன்ட்டி. இனிமே பஸ் வந்துதானே ஆகணும்?"

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா பாப்பா... நீ எம்மா நேரமா நின்னுகினு கீறேன்னு பஸ்ஸுக்குத் தெரியுமா? உன்னிய ஞாபகம் வச்சிகினா அது வரும்? ஏறு!"

நஸ்ரின் அவரைப் பார்த்தாள். ஜெராக்ஸைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி... இதுலயும் அதான் போட்டிருக்கு! எவ்ளோ நேரம் காத்திருந்தோம்ங்கறதுக்கும், இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்ங்கறதுக்கும் சம்பந்தமே இல்லையாம்!"

மூன்று செமஸ்டராக ஏறாதது, ஆட்டோவில் ஏறும்முன் ஏறிவிட்டது. ஹாலுக்குள் நுழைந்தபோது கேள்வித்தாள் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

அந்தக் கேள்வி வந்தே விட்டது. மக்கப் செய்த ஸ்டெப்ஸ் பாதியில் மறந்துபோக, மிச்சப் பக்கத்துக்குப் பஸ் ஸ்டாப்பை எழுதிவைத்திருக்கிறாள்.

நேற்று ரிசல்ட். பாஸ்! ஸ்வீட் பாக்ஸோடு வந்தவளைக் கட்டிக்கொண்டேன். என் பெண்ணே பாஸானது போல அப்படி ஒரு சந்தோஷம். அந்த ஜோரில் கேட்டுவிட்டேன்.

"சரி, ரேண்டம் ப்ராசஸ்னா என்ன? எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."

"ஐயோ ஆன்ட்டி... அதான் பாஸாயிட்டேனே!"